ரெஸ்யூமுக்குப் பதில் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைத் தேடுங்கள்

கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவின் பொறுப்பு என் தலையில் விழுந்த நாளிலிருந்து, ஆண்டுதோறும் மாணவர்களின் ரெஸ்யூம்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தோடு வருகிறார்கள்: "டெம்ப்ளேட்டை மாற்றிவிட்டேன், சார். இப்போதும் பதில் வரவில்லை." மின்விசிறி சுற்றவில்லை என்றால் முதலில் சுவிட்சைப் பார்ப்போம், யாரும் கூரையைப் பிரிப்பதில்லை. ரெஸ்யூம் விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் கூரைமீதுதான் கண்.

கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடத்தில் சரியாகக்கூடிய காரணம் முதலில் இருக்கும், நாள் கணக்கில் உழைப்பு கேட்பது கடைசியில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தேதியில், எந்தப் பிரதியை அனுப்பினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் வருகிறவருக்கு என்னாலும் பெரிதாக உதவ முடிவதில்லை.

## அறிகுறி 1: விண்ணப்பித்த சில நிமிடங்களில் மறுப்பு வருகிறது

இவ்வளவு வேகமாக எந்த மனிதரும் படித்து முடிவெடுப்பதில்லை. ஆகவே ரெஸ்யூமைத் தொடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் படிவத்தில் இருக்கிறது.

முதல் சோதனை: படிவத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த பதில்கள். பட்டம் பெறும் மாதமும் ஆண்டும், அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை, குறைந்தபட்ச அனுபவம், இடம் மாறச் சம்மதம் போன்ற கேள்விகளில் ஒன்றுக்கு வேண்டாத பதில் விழுந்தால், விண்ணப்பம் தானாகவே ஒதுங்கும்படி நிறுவனங்கள் அமைத்து வைக்க முடியும். ஒரு மாணவி, பட்டம் பெறும் ஆண்டு என்ற இடத்தில் கல்லூரியில் சேர்ந்த ஆண்டைக் கொடுத்துத் தளத்தில் சேமித்துவிட்டார். பதினொரு விண்ணப்பங்களிலும் அதே ஆண்டு போயிருந்தது. அந்தப் பதினொரு முறையும் அவர் ரெஸ்யூமைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்.

பதில்கள் சரியாக இருந்தால்: அறிவிப்பை மறுபடி படியுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான பயிற்சி வாய்ப்புக்கு இறுதியாண்டு மாணவர் விண்ணப்பித்திருக்கலாம்.

உண்மையான பதிலே தகுதியைக் கெடுக்கிறது என்றால்: பொய்யைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வேலை உரிமை, விசா சார்ந்த கேள்வியாக இருந்தால் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பதிலளியுங்கள். இதில் நண்பர்களின் அறிவுரைக்கு மதிப்பில்லை.

## அறிகுறி 2: ரெஸ்யூமை ஏற்றியதும் படிவம் தாறுமாறாக நிரம்புகிறது

பெரிய நிறுவனங்கள் பலவும் வொர்க்டே, கிரீன்ஹவுஸ், டாலியோ போன்ற மென்பொருள்கள் வழியாகத்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. ஏற்றிய கோப்பிலிருந்து பெயர், படிப்பு, அனுபவம் ஆகியவற்றைப் பிரித்தெடுக்க இத்தகைய மென்பொருள்கள் முயல்கின்றன. பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஊர் வந்து உட்கார்ந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் கோப்பு எதிர்ப்பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று காசில்லாமல் காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

சோதனை: பிடிஎஃப் கோப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். அவ்வளவுதான். இனி ஒட்டியதைப் பாருங்கள்.

*ஒன்றுமே ஒட்டவில்லை என்றால்* உங்கள் பிடிஎஃப் வெறும் படம். அச்சிட்டு ஸ்கேன் செய்திருப்பீர்கள், அல்லது வடிவமைப்புச் செயலியில் படமாகத் தட்டையாக்கி இறக்கியிருப்பீர்கள். மூலக்கோப்பிலிருந்து நேராகப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள்.

*வரிசை குழம்பியிருந்தால்* இரண்டு நெடுவரிசை அமைப்பு, அட்டவணை, உரைப்பெட்டி ஆகியவற்றில் ஒன்று காரணம். கண்ணுக்கு இடப்பக்கம் திறன்கள், வலப்பக்கம் அனுபவம் என்று அழகாகத் தெரிந்த ஒரு ரெஸ்யூம் நோட்பேடில் இப்படி வந்தது: "பைத்தான் ஜூன் 2024 முதல் எக்செல் நூலக உதவியாளர் தமிழ், ஆங்கிலம் தினமும் மாலை". ஒற்றை நெடுவரிசைக்கு மாற்றுங்கள். அழகு குறையும், பரவாயில்லை.

*நோட்பேடில் எல்லாம் இருக்கிறது, வேர்ட் கோப்பை ஏற்றும்போது மட்டும் பெயரும் தொலைபேசி எண்ணும் வரவில்லை என்றால்* அவற்றைப் பக்கத் தலைப்புப் பகுதியில் (ஹெடர்) போட்டிருப்பீர்கள். அந்தப் பகுதியைச் சில மென்பொருள்கள் படிப்பதில்லை. இரண்டையும் சாதாரண உரையின் முதல் இரண்டு வரிகளாக இறக்குங்கள்.

*சொற்களின் நடுவில் எழுத்துகள் விடுபட்டிருந்தால்* நீங்கள் பெரும்பாலும் லேடெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர். ஆங்கிலத்தில் எஃப், ஐ இரண்டும் அடுத்தடுத்து வரும் இடங்களில் அது இரண்டையும் ஒட்டி ஒரே வடிவமாக அச்சிடும். நகலெடுக்கும்போது சில நேரங்களில் அந்த வடிவம் காணாமல் போகும். சான்றிதழுக்கான ஆங்கிலச் சொல் நடுவில் ஓட்டையோடு நிற்கும். அதன் வேறு வடிவங்களான ஸீலேடெக் அல்லது லுவாலேடெக்கில் தொகுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

*திறன்களுக்குப் போட்ட நட்சத்திரங்கள் மறைந்திருந்தால்* நல்லதாகப் போயிற்று. ஜாவாவில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்றால் என்ன என்று எனக்கும் இதுவரை யாரும் விளக்கியதில்லை.

*எல்லாம் ஒழுங்காக ஒட்டியிருந்தால்* கோளாறு உங்களுடையது அல்ல. படிவத்தைக் கையால் நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஒரு துணைக்குறிப்பு: அறிவிப்பில் உள்ள சொற்களையெல்லாம் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைத்தால் மென்பொருள் ஏமாந்துவிடும் என்று ஒரு யோசனை மாணவர்களிடையே சுற்றுகிறது. இதே நோட்பேட் சோதனையைச் செய்து பாருங்கள், ஒளித்தது அத்தனையும் கறுப்பாக வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கும் அப்படித்தான் வரும்.

## அறிகுறி 3: வாரக்கணக்கில் மௌனம்

இந்த அறிகுறிக்குக் காரணங்கள் நிறைய. ஆகவே வரிசையை மீறாதீர்கள்.

தொடர்பு விவரங்கள். ரெஸ்யூமைப் பார்த்து இன்னொருவரை உங்கள் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கோப்பிலேயே சொடுக்கி ஒரு மடல் அனுப்புங்கள். "சொடுக்கி" என்பதை அழுத்திச் சொல்கிறேன். சீனியரின் கோப்பை வாங்கி அதன்மேல் எழுதிய ஒரு மாணவர், முகவரியைச் சரியாக மாற்றியிருந்தார். கண்ணுக்குத் தெரிந்தது அவருடைய முகவரி, அடியில் ஒளிந்திருந்த இணைப்பு சீனியருடையது. சொடுக்கிப் பதில் எழுதியவர்களின் மடல்கள் எங்கே போயிருக்கும் என்று பாருங்கள். ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள். படிப்பு முடிந்ததும் கல்லூரி முடக்கிவிடக்கூடிய மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

இணைப்புகள். உலாவியின் மறைநிலைச் (இன்காக்னிடோ) சாளரத்தில் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். கூகுள் டிரைவ் கோப்பு அனுமதி கேட்டால், பார்க்கிறவருக்கும் அதே கதவுதான் மூடியிருக்கும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் திட்டம் தனிப்பட்டதாக அமைந்திருந்தால் பக்கம் இல்லை என்றே வரும். ஒருமுறை ஒரு மாணவர் தன் இணையதளத் திட்டத்துக்கு 127.0.0.1 என்று தொடங்கும் முகவரியைப் போட்டிருந்தார். அது அவரவர் கணினியையே குறிக்கும் எண். அவருடைய மடிக்கணினியில் மட்டும் அந்தத் தளம் அருமையாகத் திறந்தது.

கோப்பின் பெயர். "புதியது இறுதி 3" என்ற பெயரில் வரும் கோப்பை யார் தேடி எடுப்பார்கள்? உங்கள் பெயரும் ரெஸ்யூம் என்ற சொல்லும் போதும். பிடிஎஃப்பை உலாவியில் திறந்து மேலே தாவலில் என்ன தலைப்பு தெரிகிறது என்றும் பாருங்கள். கோப்பின் பண்புகளில் பழைய தலைப்பு தங்கியிருந்தால், டெம்ப்ளேட் விற்றவரின் பெயரோ சீனியரின் பெயரோ அங்கே மின்னும்.

முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு. லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆள் தேர்வு செய்கிறவர்கள் முதல் பார்வைக்குச் சராசரியாக 7.4 வினாடி எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஏழா, முப்பதா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. உங்களைத் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, பத்து வினாடியில் திரும்ப வாங்கிக்கொண்டு, "நான் என்ன படிக்கிறேன், என்ன வேலை தேடுகிறேன், என்ன செய்திருக்கிறேன்?" என்று கேளுங்கள். மூன்றில் இரண்டுக்காவது பதில் வராவிட்டால், முக்கியமான வரிகள் கீழே புதைந்திருக்கின்றன. கணக்கியல் வேலைக்கு விண்ணப்பிக்கும் ரெஸ்யூமில் முதலில் கவிதைப் போட்டிப் பரிசு நின்றால் அப்படித்தான் ஆகும்.

அறிவிப்போடு பொருத்தம். அறிவிப்பை அச்சிட்டு, அதில் கேட்கப்பட்ட திறன்களை அடிக்கோடிடுங்கள். உங்களுக்கு உண்மையாகவே தெரிந்தவற்றை ரெஸ்யூமில் அதே சொல்லால் குறிப்பிட்டிருக்கிறீர்களா? அவர்கள் "தரவுப் பகுப்பாய்வு" என்று கேட்க, நீங்கள் "புள்ளிவிவரப் பயிற்சி" என்று எழுதியிருந்தால் இரண்டும் ஒன்று என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டுகிறீர்கள். ஏறக்குறைய எல்லா அடிக்கோடுகளும் உங்களிடம் இல்லாதவை என்றால் ரெஸ்யூமில் குறையில்லை. வேலையைத் தேர்ந்தெடுத்ததில் குறை.

எல்லாம் சரி, கடைசித் தேதி முடிந்து இரண்டு வாரமும் ஆயிற்று என்றால், நான்கு வரியில் ஒரே ஒரு நினைவூட்டு மடல் அனுப்பலாம். இரண்டாவது வேண்டாம்.

எப்போது வேறொருவரிடம் போவது: மேலே உள்ள அத்தனையும் தேறி, அறிவிப்புக்கேற்பத் திருத்திய இருபது விண்ணப்பங்கள் போயும் ஓர் அழைப்புகூட இல்லையென்றால். கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு அந்தக் குறிப்புத் தாளோடு போங்கள்.

## அறிகுறி 4: எல்லாம் இருக்கிறது, படித்தால் சப்பென்று இருக்கிறது

என்னிடம் வரும் ரெஸ்யூம்களில் மிக அதிகமாகக் காணும் நோய் இதுதான். ஒரு மாணவரின் வரி: "கல்லூரி நூலகத்தில் பகுதிநேர உதவியாளராகப் பணிபுரிந்தேன். புத்தகங்களை அடுக்கும் பொறுப்பு வகித்தேன்." இதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை அப்படியே தருகிறேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை புத்தகம் அடுக்குவீர்கள்?"

"எண்ணியதில்லை, சார்."

"தள்ளுவண்டியில் எத்தனை கொள்ளும்?"

"ஐம்பது இருக்கும்."

"ஒரு மாலைக்கு எத்தனை வண்டி?"

"மூன்று. தேர்வு நேரத்தில் ஐந்துகூடப் போகும்."

"அடுக்கியது தவிர வேறென்ன செய்தீர்கள்?"

"வேறொன்றும் இல்லை, சார்." சிறிது நேரம் யோசித்தார். "தேடி வருகிறவர்களுக்குப் புத்தகம் கிடைக்காமல் போனால் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். அடுக்கும்போது தவறான தட்டில் கண்ணில் பட்டால் எடுத்துக் கொடுப்பேன்."

"நோட்டு போடச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லவில்லை. நானாகத்தான்."

"எத்தனை கிடைத்தன?"

"அந்தப் பருவத்தில் நாற்பதுக்கு மேல்."

வேறொன்றும் இல்லை என்று சொன்னாரே, அதுதான் ரெஸ்யூமில் இருக்க வேண்டிய வரி. திருத்திய பின்: "மாலைப் பணியில் நாளொன்றுக்குச் சுமார் 150 புத்தகங்களை வகைப்பாட்டு எண் வரிசையில் அடுக்கினேன். காணாமல் போனவற்றுக்குப் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, ஒரு பருவத்தில் தவறான தட்டுகளிலிருந்து 40க்கும் மேற்பட்ட புத்தகங்களை மீட்டேன்."

உங்கள் வரிகளுக்கும் இதே சோதனை:

உங்கள் வகுப்பில் எல்லோரும் இதே வரியை எழுத முடியுமா? முடியும் என்றால் அது உங்களைப் பற்றிய வரி இல்லை. "கருத்தரங்கில் பங்கேற்றேன்" என்றால் நாற்காலியில் உட்கார்ந்தவரும் எழுதலாம், ஏற்பாடு செய்தவரும் எழுதலாம்.

வினைச்சொல் யாருடையது? "உதவினேன்", "பொறுப்பு வகித்தேன்", "ஈடுபட்டேன்" ஆகிய மூன்றும் செய்ததை மூடி மறைக்கும் சொற்கள். அவற்றை நீக்கிவிட்டுக் கை என்ன செய்தது என்று எழுதுங்கள்: எழுதினேன், கட்டினேன், எண்ணினேன், பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

குழுத் திட்டமா? "நாங்கள் ஒரு செயலி உருவாக்கினோம்" என்றால் நால்வரில் நீங்கள் யார் என்று தெரியவில்லை. நால்வர் குழு என்பதைச் சொல்லிவிட்டு உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். உள்நுழைவுப் பக்கம் மட்டும்தான் உங்களுடையது என்றால், உள்நுழைவுப் பக்கம்தான்.

எண் எங்கிருந்து வந்தது? "செயல்திறனை 40 சதவீதம் உயர்த்தினேன்" என்று எழுதிய ஒருவரிடம் "எதன் செயல்திறன்? எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்டேன். மாதிரி ரெஸ்யூம் ஒன்றில் இருந்ததாம். தள்ளுவண்டிக் கணக்கைப் போல, கேட்டால் விளக்கக்கூடிய எண்ணை மட்டும் போடுங்கள். எண் இல்லாவிட்டால் அளவைச் சொல்லுங்கள்: எவ்வளவு காலம், யாருக்காக, எத்தனை முறை.

பண்புப் பெயர்கள். கடின உழைப்பாளி, விரைவில் கற்பவர், குழுவோடு இணைந்து செயல்படுபவர். நீக்கிவிடுங்கள். சோம்பேறி என்று எழுதியவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இங்கே வேறொருவர் தேவைப்படுவது துறைசார்ந்த வரிகளுக்கு. அந்தத் துறையில் வேலை செய்கிற ஒரு சீனியரையோ பாடம் நடத்திய ஆசிரியரையோ ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பெருமையாக எழுதியது அந்தத் துறையில் மிகச் சாதாரணமாக இருக்கலாம். ஒரு மூலையில் ஒதுக்கியது அரிதானதாகவும் இருக்கலாம்.

## அறிகுறி 5: பக்கம் நிரம்பவில்லை, அல்லது வழிகிறது

நிரம்பவில்லை என்றால் சம்பளம் வாங்கிய வேலை மட்டும்தான் அனுபவம் என்று எண்ணியிருப்பீர்கள். பாடத்திட்டத்தில் செய்த பெரிய வேலைகள், மன்றங்களில் வகித்த பொறுப்பு, தன்னார்வப் பணி, இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது எல்லாமே இடம் பெறலாம், அறிகுறி 4இன் சோதனைகளைத் தாண்டினால். அதன் பிறகும் பாதிப் பக்கம் காலி என்றால், எழுத்தின் அளவைப் பெரிதாக்கி மறைக்க வேண்டாம். எழுதுவதில் குறையில்லை, எழுத இன்னும் ஒன்று தேவை. ஒரு மாதத்தில் முடியக்கூடிய சிறு திட்டம் ஒன்றைத் தொடங்குங்கள்.

வழிகிறது என்றால் இந்த வரிசையில் வெட்டுங்கள்: முழு வீட்டு முகவரி, "பரிந்துரையாளர் விவரம் கேட்டால் தரப்படும்" என்ற வரி, குறிக்கோள் பத்தி, பள்ளிக்காலப் பரிசுகள், பொழுதுபோக்குகள். அதன் பிறகும் வழிந்தால் பலவீனமான வரிகள். ஓரங்களை அரை அங்குலத்துக்குக் கீழும் எழுத்தை 10 புள்ளிக்குக் கீழும் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் கணினியில் ஒரு பக்கம், வேறிடத்தில் இரண்டு பக்கம் என்றால் தாளின் அளவைப் பாருங்கள். ஏ4 தாள் 297 மில்லிமீட்டர் உயரம், அமெரிக்க லெட்டர் தாள் ஏறக்குறைய 279. வேர்ட் கோப்பை அந்தத் தாளுக்கு மாற்றினால் அந்த 18 மில்லிமீட்டரில் இருந்த உங்கள் கடைசி மூன்று வரிகள் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். வேர்ட் கோப்பு வேண்டும் என்று கேட்காதவரை பிடிஎஃப் அனுப்புங்கள். கேட்டால் வேர்டே அனுப்புங்கள், உங்கள் ரசனையைத் திணிக்க வேண்டாம்.

## அறிகுறி 6: கவர் லெட்டர் (ரெஸ்யூமோடு அனுப்பும் கடிதம்) வேலை செய்யவில்லை

### எந்த நிறுவனத்துக்கும் பொருந்துகிறது

சோதனை எளிது: நிறுவனத்தின் பெயரை அழித்துவிட்டு அதன் போட்டியாளரின் பெயரைப் போடுங்கள். கடிதம் அப்படியே நின்றால் அது கடிதம் இல்லை, சுற்றறிக்கை.

மாணவனாக இருந்தபோது நான் எழுதியதெல்லாம் சுற்றறிக்கைகள்தான். ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதத்தின் கடைசிப் பத்தியில், "சிறு வயதிலிருந்தே என் கனவு" என்று அதன் போட்டி நிறுவனத்தைக் குறிப்பிட்டிருந்தேன். அனுப்பிய மறுநாள்தான் கண்ணில் பட்டது. இன்றுவரை பதில் இல்லை. அன்றிலிருந்து, முந்தைய நிறுவனத்தின் பெயரைக் கோப்பில் தேடிப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

பெரும்பாலும் முதல் வரியை மாற்றினால் மீதியும் மாறத் தொடங்கும்.

முன்பு: "தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பை வேண்டி இக்கடிதத்தை எழுதுகிறேன்."

பின்பு: "வாடிக்கையாளர் புகார்களை வகைப்படுத்துவது இந்தப் பணியின் முதல் பொறுப்பு என்று அறிவிப்பில் பார்த்தேன். எங்கள் விடுதியின் பராமரிப்புப் புகார்களை ஓராண்டு நான்தான் பதிவு செய்து பிரித்துக் கொடுத்தேன். பாதிக்கு மேல் ஒரே தண்ணீர்க் குழாயைப் பற்றியவை என்று கண்டது அப்போதுதான்."

முதலாவதில் வேலை கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று இருக்கிறது. இரண்டாவதில் வேலை கொடுப்பவருக்கு என்ன வேண்டும் என்று இருக்கிறது. இந்த உத்தி பழையதுதான்: 1482 வாக்கில் லியொனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. தூக்கிச் செல்லும் பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள் என்று போருக்கு வேண்டியதையே வரிசையாக அடுக்கிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறார்.

### ரெஸ்யூமையே வாக்கியங்களாக எழுதியதுபோல் இருக்கிறது

மூன்று அனுபவங்களையும் சொல்ல முயன்றிருப்பீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரெஸ்யூமில் இரண்டு வரியில் அடங்கிய அதை இங்கே ஒரு பத்தியாக விரியுங்கள்: என்ன சிக்கல், நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், என்ன ஆயிற்று. மொத்தம் மூன்று நான்கு பத்தி, ஒரு பக்கத்துக்குள். முந்நூறு சொல்லில் முடிந்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

### இயந்திரம் எழுதிய வாடை வீசுகிறது

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் எழுதி வாங்கியிருப்பீர்கள். முதலில் நிரப்பாமல் விட்ட இடங்களைத் தேடுங்கள். "நிறுவனத்தின் பெயரை இங்கே இடுக" என்ற வரியோடு கடிதம் போவது நடக்காத கதை இல்லை. பிறகு கடிதத்தை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் வாயில் வராத சொற்களை நீக்குங்கள். நீக்கிய பின் மிச்சமிருப்பது இரண்டே வரி என்றால், அந்தக் கருவிக்குக் கொடுக்க உங்களிடம் சரக்கு இல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். தள்ளுவண்டிக் கேள்விகளை உங்களிடமே கேட்டு விடைகளை எழுதிக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

### தேவையா என்றே தெரியவில்லை

கேட்டிருந்தால் எழுதுங்கள். "விருப்பமிருந்தால்" என்று இருந்தால், ரெஸ்யூமில் சொல்ல முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்: துறை மாறியது, ஒரு பருவம் படிப்பில் இடைவெளி விழுந்தது, அந்த வேலையைக் குறிப்பாக விரும்பும் காரணம். இல்லையென்றால் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. என் சக ஆசிரியர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இடைவெளிக்கு உடல்நலமோ குடும்பச் சூழலோ காரணம் என்றால், எவ்வளவு சொல்வது என்று முடிவெடுக்கும் முன் வேலைவாய்ப்புப் பிரிவில் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

## அறிகுறி 7: பிழைதிருத்தி எல்லாம் சரி என்கிறது, படித்தவர் சிரிக்கிறார்

மேலாளர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டால் மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி என்று பொருளாகும். பிழைதிருத்தி அதைப் பிடிக்காது, ஏனெனில் அதுவும் சரியான சொல்தான். கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் போகும்படி, தலைகீழாகப் படியுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 04/05/2024 என்பது ஒருவருக்கு மே மாதம், இன்னொருவருக்கு ஏப்ரல். வேர்ட் கோப்பாக அனுப்பினால், நண்பர் ஓரத்தில் எழுதிய "இது பொய்தானே?" போன்ற குறிப்புகளும் மாற்றத் தடங்களும் நீங்கிவிட்டனவா என்று பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி 8: நேர்காணல் வருகிறது, ரெஸ்யூமைப் பற்றிக் கேட்டால் திணறுகிறேன்

ரெஸ்யூம் தன் வேலையைச் செய்துவிட்டது, அளவுக்கு மேலேயே செய்துவிட்டது. திறன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் ஒரு நண்பரிடம் கொடுத்து, ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்து இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்வியில் நின்றுபோனால் அந்தச் சொல் "அறிமுகம் உண்டு" என்ற வரிக்கு இறங்க வேண்டும். முதல் கேள்வியிலேயே நின்றால் வெளியேற வேண்டும். தேதியையோ மதிப்பெண்ணையோ கூட்டி எழுதியிருந்தால் உடனே திருத்துங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் தெரிய வந்தால், கையில் கிடைத்த பணி ஆணையையே திரும்பப் பெறக்கூடும்.

## காசு கொடுத்து எழுதுபவரிடம் எப்போது போவது?

மாணவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. வேலைவாய்ப்புப் பிரிவு, துறையில் உள்ள சீனியர், மொழி நன்றாக அறிந்த நண்பர் ஆகிய மூவரிடமும் காட்டித் திருத்திய பிறகும் அறிகுறி நீடித்தால் யோசிக்கலாம். வேலை நிச்சயம் என்று உறுதி கொடுப்பவரிடமும், உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்பவரிடமும் போக வேண்டாம். உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் பழைய ரெஸ்யூமை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டு நாளில் தருகிறேன் என்பவர், டெம்ப்ளேட்டைத்தான் மாற்றித் தரப்போகிறார், அதை நீங்களே செய்து பார்த்தாயிற்று. சரியான ஆள் கிடைத்தால், திருத்தக்கூடிய வேர்ட் கோப்பையும் சேர்த்து வாங்குங்கள். பிடிஎஃப் மட்டும் கொடுத்துவிட்டுப் போனால், தொலைபேசி எண்ணை மாற்றுவதற்குக்கூட மறுபடி அவருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.